இரண்டு மதிப்பெண் வினா

பாளையங்கோட்டை, விடைத்தாள் திருத்தும் முகாம்.
மேல்மாடியில் வடக்கு ஓரத்து வகுப்பறை.
விசிறிக் காற்றில் தாள் பறக்காதிருக்க
கட்டின்மேல் என் சாப்பாட்டு டப்பா.
காலையில் பன்னிரண்டு, மதியத்துக்குமேல் பன்னிரண்டு.
இது பத்தொன்பதாவது.

வினா இருபத்தேழு:
உள்நாட்டுக் கடல்கள் சூழ்ந்த தீபகற்பம் ஒன்றைக் கூறி
அமைவிடத்தை விளக்குக.

விடைக்குறிப்பில் கிரிமியா.
கருங்கடலும் அசோவ் கடலும் இருந்தால் முழு மதிப்பெண்.
சின்ன ஆசியா என்றாலும் சரி.

இந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது:
எங்கள் ஊர்.

"வடக்கே உடையனேரி. கிழக்கே பொத்தைக்குளம்.
மேற்கே செட்டிமடைக்குளம், அதில் பாதி பக்கத்து ஊருக்கு.
தெற்கே மட்டும் நிலம்.
மினி பஸ் அந்த வழியாகத்தான் வரும், ரேஷன் லாரியும்.
அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள்,
அப்படியே போனார்கள்.

உள்நாட்டுக் கடல் என்றால்
தண்ணீர் பல வழியாக உள்ளே வரும்,
வெளியே போக ஒரு சின்ன வழிதான் இருக்கும்.
கருங்கடலுக்கு அது ஜலசந்தி.
எங்களுக்கு மறுகால்.
மறுகால் பாய்ந்தால் பள்ளிக்கூடம் பாதி காலி.

சித்திரையில் மூன்று கடலும் வற்றும்.
நடுக்கடலில் ஆடு மேயும்.
நாங்கள் ஸ்டம்பு நட்டு விளையாடுவோம்.
அந்த மாதங்களில் எங்கள் ஊர் தீபகற்பம் அல்ல."

சிவப்புப் பேனாவை மூடி
பக்கத்து மேசைக்குத் தள்ளினேன்.
அமலோற்பவம் டீச்சர் வாசித்தாள், சிரித்தாள்,
மறுபடி கேள்வியை வாசித்தாள்.
"உலகப் படத்துலன்னு கேட்டிருக்கா?"
"இல்லையே."
"பின்ன என்னட்டி?"

அதற்குப் பிறகும் ஐந்து வரி இருந்தது.
எழுதிவிட்டு அடித்திருந்தது. அடித்தது வாசிக்க முடிந்தது.

"அந்த மார்கழியில் ஒரே ராத்திரியில் மூன்றும் உடைந்தன.
தெற்கு ரோடும் போனது. இரண்டு நாள் நாங்கள் தீவு.
தீபகற்பத்திலிருந்து நடந்து போகலாம்,
தீவில் நின்று கூப்பிடத்தான் முடியும்.
செவலையை அவிழ்த்துவிட மறந்துபோனோம்."

கீழே, அடிக்காமல்:
"எனவே இது தீபகற்பம் ஆகும்."

பெயர் இல்லை, பள்ளி இல்லை, கொடுத்த எண் மட்டும்.
எந்த ஊர் என்று நான் தேடக் கூடாது.
தேடினேன்.
மானூர்ப் பக்கமா, நாங்குநேரிப் பக்கமா,
திருவைகுண்டத்துக்குக் கீழேயா?
மூன்று குளத்துக்கு நடுவில் குந்தியிருக்கும் ஊர்
இந்தச் சீமையில் எத்தனை!
பத்தொன்பது வருஷமாகப் பிரம்பு முனையால்
கிரிமியாவைத் தொட்டுக் காட்டுகிறேன்.
வரைபடத்தில் அது புளியங்கொட்டை அளவு.
அங்கே ரோடு எந்தத் திசையில் என்று
ஒரு பிள்ளையும் கேட்டதில்லை,
எனக்கும் தோன்றியதில்லை.

தலைமைத் தேர்வாளர் தேவசகாயம் சார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"குறிப்புப்படி பூஜ்யம்."
"ஜலசந்தி சரியா சொல்லியிருக்கு சார்."
"அடிச்சதை வாசிக்கக் கூடாது, தெரியும்லா?"
"வாசிக்கல சார்."
அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.
அப்புறம், "ஒண்ணு போடுங்க.
யாரும் கேட்டா நான் பாக்கல."

ஒன்று போட்டேன்.
பக்கத்தைத் திருப்பி, திரும்ப வந்து,
அதை இரண்டாக்கிச் சுருக்கொப்பம் வைத்தேன்.
அந்தத் தாளின் கூட்டல் மட்டும்
மூன்று தடவை வேறு வேறாக வந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம்.
பேர் தெரியாத ஒரு குளம், பாளம் பாளமாக வெடித்து.
மறுகால் கல்லில் யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள்.
நடுக்கடலில் மூன்று உடைமரக் குச்சி,
ஆளில்லை.
கண்டக்டர் என்னிடம்
எங்கே இறங்கணும் என்று இரண்டாம் முறை கேட்டார்.